நடுத்துண்டு

செங்கல் தொழிற்சாலையில் பெல்ட் ஓரமாக நின்று ஓடுகிற மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு ஷிப்டுக்கு அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும், அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள். பள்ளத்தில் வெட்டிய களிமண், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக வந்துகொண்டே இருக்கும். அது இரும்பு உருளைகளுக்குள் போய் நசுங்குவதற்குள் அதிலிருக்கும் கல், வேர், கம்பித்துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெல்ட் நிற்கிறது, நாம்தான் ஓடுகிறோம் என்று கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் வாந்தி எடுப்பது அங்கே சகஜம். அவளும் எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள். நின்றவள்தான், பிறகு பெல்ட்டக்கா என்று பெயரே ஆகிவிட்டது.

அதற்கு முன் பாதி ஆயுசை அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கழித்தவள். இஸ்திரி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளை நுழைத்து நுழைத்து இரண்டு முன்கைகளிலும் சூட்டுத் தழும்புகள். பேச்சிலும் அதே சூடு. அவளிடம் வம்புக்குப் போனவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் இந்த மண் வேலைக்கு ஏன் வந்தாள் என்றால், புருஷனுக்காக வந்தாள். பெல்ட்டில் அவள் நின்ற இடம் அதுவரை அவர் நின்ற இடம்.

அவரைத் தொழிற்சாலையில் கணவாய் என்று கூப்பிடுவார்கள். "உங்க வீட்டுக் கணவாய் சௌக்கியமா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அந்த மண்ணில் வருகிற ஒரு பொருள். விரல் பருமனில், சில சமயம் அதைவிடப் பெரிதாக, ஒரு முனை கூராகவும் மறுமுனையில் குழியோடும் பழுப்புக் கல்லாய் வரும். பார்த்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும், மற்றவர்கள் தோட்டா என்றுதான் சொன்னார்கள். அவர் மட்டும் நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பெயர் பெலெம்னைட் என்று தெரிந்துகொண்டு வந்தார். ஜுராசிக் காலத்துக் கடலில் நீந்திய பிராணியாம். இன்றைய கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். பத்துக் கை, பெரிய கண், மைப் பை எல்லாம் இருந்தது. மெத்தென்ற உடம்பெல்லாம் அழுகிப்போய், வாலுக்குள் இருந்த கெட்டித் தண்டு மட்டும் கோடிக்கணக்கான வருஷமாக மண்ணுக்குள் கிடக்கிறது. விடுமுறைக்குக் கடலைப் பார்க்கப் போகலாம் என்று மகள் கூப்பிட்டபோது, "நான் தினமும் கடலுக்குள்ளதான வேலை பாக்கறேன், அங்க போய் வேற பாக்கணுமா" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செங்கல்லுக்கு அந்தத் தண்டு பரம எதிரி. ஒரு நகத்துண்டு அளவு உருளைக்குத் தப்பிப் போய்விட்டாலும் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். சுட்ட கல் வெளியே வரும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீடு கட்டி, பூசாமல் விட்ட சுவரில் முதல் ஈரம் பட்டதும் உள்ளே இருக்கிற சுண்ணாம்பு ஊதும், கல்லின் முகம் பொட்டென்று தெறித்துவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பள்ளம் நிற்கும். அதனால் தோட்டாவைப் பொறுக்குவது பெல்ட்டில் தலையாய வேலை. பொறுக்கியதைக் குப்பை டப்பாவில் போட்டாலும் சரி, சட்டைப்பையில் போட்டாலும் சரி, மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். இவர் பையில் போட்டுக்கொண்டார். இருபது வருஷம் போட்டுக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவளுக்கு அந்தக் கற்களைக் கண்டாலே ஆகாது. துவைக்கப் போட்ட சட்டையில் கல், கட்டிலுக்கு அடியில் கல், மாவு டப்பா வைக்க வாங்கிய அலமாரியில் கல். "மண்ணைத் தின்னுட்டு வர்றது போதாதுன்னு வீட்டுக்கும் மூட்டை கட்டிட்டு வர்றீங்களா?" என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, பூதக்கண்ணாடியில் உடைந்த முகத்தைப் பார்ப்பார். உள்ளே தேன் நிறத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழை ஓடும், மரத்தை அறுத்தாற்போல் வளையம் வளையமாக இருக்கும். மண் வெட்டும் இயந்திரத்தின் பற்கள் பட்டுப் பெரும்பாலும் உடைந்துதான் வரும். காலையில் ஒரு துண்டு வந்தால் அதன் மறுபாதி மத்தியானம் வரலாம், அடுத்த வாரம் வரலாம், வராமலே போகலாம். வளையத்தை வளையத்தோடு பொருத்திப் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு, பூஜை, பைத்தியம் எல்லாம்.

அதில் அவர் ஒரு தரம் பெரிய தப்புச் செய்திருக்கிறார். பருமன் ஒத்துப்போகிறது என்று அவசரப்பட்டு இரண்டு பாதிகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். இரண்டு டியூபைக் கலந்து போடுகிற பசை, மூக்கை எரிக்கிற நாற்றம், காய்ந்தால் இரும்பு. மறு மாதமே உண்மையான மறுபாதி வந்து சேர்ந்தது. ஒட்டியதைப் பிரிக்க முடியவில்லை. வந்த பாதி ஜோடியில்லாமல் அலமாரி மூலையில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சந்தேகம் இருந்தால் மெழுகுவத்தி மெழுகு. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பசை.

"மெழுகுன்னா சுடுதண்ணியில போட்டா விட்டுடும்" என்று அவளுக்கு விளக்கினார். "பசை போட்டா தலைகீழா நின்னாலும் பிரியாது. நெஜமான ஜோடி வந்தா அதுக்கு எடம் வேணும் இல்ல?"

"கல்யாணத்துக்கும் இந்த மாதிரி முதல்ல மெழுகு போட்டுப் பாத்திருக்கலாம்" என்றாள் அவள்.

"நமக்கு எடுத்த எடுப்புலயே பசை போட்டுட்டாங்க. என்ன பண்றது, அனுபவிக்க வேண்டியதுதான்" என்றார் அவர். அன்று இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் சண்டைக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

இனி அந்தப் பெரிய தண்டின் கதைக்கு வர வேண்டும். ஒரு வருஷம் தொழிற்சாலைக்கு ஆர்டர் குவிந்தது. சாதாரணமாக வெட்டிய மண்ணை உடனே அரைக்க மாட்டார்கள், வெளியே குவித்து மாதக்கணக்கில் கிடக்க விட்டு, பதமானபின்தான் எடுப்பார்கள். அந்த வருஷம் அவசரத்தில் புதிதாக வெட்டிய மண்ணில் கொஞ்சத்தை நேரே பெல்ட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே காலையில் இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று கூர்முனை, இன்னொன்று குழிமுனை. துடைப்பக் கட்டை பருமன். அவ்வளவு பெரிதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மரத்தட்டில் மணல் பரப்பி, இரண்டையும் கிடத்திப் பார்த்தார். கூம்பிப் போகிற சரிவைக் கணக்குப் போட்டால் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு இல்லை. அது இருந்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் முழுசாக ஒன்று.

உருளைக்குள் போயிருக்கும் என்றார்கள் எல்லோரும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்து மண்ணில் பாதிதான் பெல்ட்டுக்கு வந்தது, மீதியைப் பள்ளத்து மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இயந்திரம் அடுத்த வாளியில் அள்ளியது அங்கேதான் போயிருக்கும், அதில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். குவியல் பதமாகிப் பெல்ட்டுக்கு வர அடுத்த வருஷம் ஆகும். வரட்டும், காத்திருக்கலாம் என்றார். மணல் தட்டில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டே இரண்டு துண்டுகளையும் வைத்திருந்தார்.

குவியல் காத்திருந்தது. அவருடைய நெஞ்சு காத்திருக்கவில்லை. பெல்ட்டுக்கு வருமுன் வெகுகாலம் சூளைக்குள் கல் அடுக்கியவர் அவர். அப்போது உள்ளே போன தூசி இப்போது கணக்குக் கேட்டது. மாடிப்படியில் நாலு படி ஏறினால் நாலு முறை நிற்க வேண்டியதாயிற்று. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். வீட்டில் ஜன்னலோரக் கட்டில், மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், கைக்கெட்டும் தூரத்தில் அந்த மணல் தட்டு, அவர் சாமான்கள் கிடக்கும் இழுப்பறை என்று அவர் உலகம் சுருங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் அவர் அவளிடம், "அந்தக் குவியல இந்தக் குளிர்காலத்துல எடுப்பாங்க. பெல்ட்ல யாரு நிக்கப் போறாங்களோ" என்றார்.

அவள் அன்றைக்கே சலவைக்கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்து மேஸ்திரியின் முன்னால் நின்றாள். "உங்களுக்கு இந்த வேலை ஒத்துக்காதும்மா" என்றார் மேஸ்திரி. "எனக்கு எது ஒத்துக்கும்னு உங்களக் கேட்டேனா? அவரு எடத்துல நிறுத்துங்க, போதும்" என்றாள். நிறுத்திவிட்டார்.

பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவனைத் தாடி என்பார்கள். நல்லவன், ஆனால் வாய் ஓயாதவன். அவன்தான் அவளுக்குக் கண்ணைப் பெல்ட்டில் ஓடவிடாமல் ஒரே இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தான். குவியலைத் திறந்து எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கண்ணும் கருத்துமாக நின்றாள். சாப்பாட்டு டப்பாவில் காலையில் ரொட்டி போகும், மத்தியானம் கல் வரும். அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றையும் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, "இது இல்ல" என்று ஒதுக்கி வைப்பார். ஒரு நாள்கூட ஏமாற்றமாகச் சொன்னதில்லை. நாளைக்கு வரும் என்கிற தொனியிலேயே சொல்வார். அந்தத் தொனிதான் அவளைத் துளைத்தது. ஒரு காலத்தில் அந்தக் கற்களைத் திட்டித் தீர்த்தவள், இப்போது தூக்கத்திலும் சாம்பல் மண் ஓடுவதைப் பார்த்தாள்.

குளிர் கடுமையான ஒரு வாரத்தில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. உதடு நீலம் பூத்துவிட்டது. இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை, கட்டிலை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் அவர் தேறி எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "நீ போகலையா? யாரு நின்னா?"

"தாடி நின்னான். பாத்துப்பான்."

"ரெண்டு பக்கமும் அவன் ஒருத்தனா?"

அவள் அன்றைக்கே ஓடிப்போய்த் தாடியைக் கேட்டாள். "பெருசா ஒண்ணும் என் கண்ணுல படலக்கா. பட்டிருந்தா விடுவேனா? ஆனா ரெண்டு பக்கத்தையும் எப்படிக்கா ஒருத்தன் பாக்கறது?" என்றான். அவனைக் கோபித்து என்ன பயன். அந்த இரண்டு நாளில் குவியலில் நல்ல பாதி உருளைக்குள் போயிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் கேட்ட ஒரே பொருள் பெல்ட்டில் தன் பாட்டுக்குப் போயிருக்கலாம். இந்த நினைப்பை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மீதிக் குவியலும் தீர்ந்தது. தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கு என்று நாளைக் கடத்தினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகளை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்தாள். ஆனால் அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, மணல் தட்டில் இருந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் பச்சைக் களிமண்ணை வைத்து அழுத்தி எடுத்தாள். இரண்டு பக்கத்து உடைந்த முகங்களும் அச்சாக அதில் பதிந்துவிட்டன. அலமாரியில் இருந்த பழைய கற்களில் அதே பருமனில் ஒரு துண்டைத் தேடிப் பிடித்தாள். தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியடியில் உட்கார்ந்து, தாடியிடம் வாங்கிய அரத்தால் ராவினாள். சாப்பாட்டு வேளையெல்லாம் ராவினாள். கல் ஈரமாக இருந்தால்தான் இழுபடும், குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்துப்போகும், அரம் எங்கே படுகிறது என்று தெரியாது. கல்லோடு சேர்ந்து விரல்நுனித் தோலும் போனது. அச்சில் வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி ராவுவாள். என்னக்கா இது என்று தாடி கேட்டதற்கு, "உன் வேலையப் பாரு" என்றாள். அவள் வாய்க்கு அது தேவலையான பதில்தான்.

கடைசியில் அதற்கு மேல் பச்சை மண்ணைப் பூசி, மற்றக் கற்களோடு டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் வழக்கம்போல் கிண்ணத்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினார். இது கையில் வந்ததும் பிரஷ் மெதுவாயிற்று. மண் கரைந்து நிறம் தெரிந்தது. உடைந்த முகத்தை நகத்தால் ஒரு தரம் வருடிப் பார்த்தார்.

"எங்க கெடச்சுது?"

"குவியலோட அடி மண்ணுல. கடைசி வண்டி."

"கடைசி வண்டியா?"

"ஆமா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் கையை எடுத்து விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். "கை என்ன இப்படி ஆயிருக்கு?"

"குளிருக்கு வெடிச்சுடுச்சு. பெல்ட்ல கல்லும் ஜாஸ்தி."

"ம்" என்றார். கையை உடனே விடவில்லை. பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவள் மறக்கவே மாட்டாள். "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? யாரு கேட்டீங்க?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, "பசை போடணும். நீ வெளிய இரு, அந்த நாத்தம் உனக்கு ஆகாது. கதவச் சாத்திட்டுப் போ" என்றார்.

"உங்களுக்கு மட்டும் ஆகுமா? நான் போடறேன்."

"இத நான்தான் போடணும்."

அவள் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். பூதக்கண்ணாடியை அவர் கேட்கவே இல்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டார் போல என்று நினைத்தாள். அவருக்குக் கண்ணும் முன்போல் இல்லை, நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனபோது தண்டு முழுசாக மணலில் கிடந்தது. சிலிண்டரை மூடி வைத்துவிட்டு அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் நாற்றமே இல்லை. சளி பிடித்து மூக்கடைத்திருந்தது அவளுக்கு.

அதன் பிறகு அவர் இருந்த நாட்களில் அந்த வீட்டுக்கு வந்த ஒருவரும் அந்தத் தண்டைப் பார்க்காமல் திரும்பவில்லை. பஸ் ஓட்டுகிற மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள், அவளுக்குக் காட்டினார். தாடி வந்தான், அவனுக்குக் காட்டினார். தாடி ஒரு கணம் பெல்ட்டக்காவைப் பார்த்தான், பிறகு தன் ஆயுசிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான். "இவதான் கண்டுபிடிச்சா. நான் இருபது வருஷம் நின்னு பாக்காதத இவ ஒரு குளிர்காலத்துல பாத்துட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவளுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து, போகட்டும் என்று இருந்தாள். குளிர் குறைய ஆரம்பித்த ஒரு காலையில், டீ ஆறுவதற்குள், அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் ஒன்றையே சொன்னாள். "நெனச்சது கெடச்ச பெறகுதான் போனாரு." அதைச் சொல்லிச் சொல்லி அதன் மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு மனசு, கடைசிக் காலத்தில் மனுஷனைச் சந்தோஷமாக வைத்தாயே, போதாதா என்றது. இன்னொரு மனசு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரைச் சாகிற நேரத்தில் ஏமாற்றினாயே என்றது. இரண்டும் சத்தம் போட்டன. மணல் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள். துணியை எடுத்துத் தூசி தட்டக்கூட இல்லை.

வேலைக்கு மட்டும் தவறாமல் போனாள். குவியல் தீர்ந்துபோனது அவளுக்குத் தெரியும், இருந்தாலும் துடைப்பக் கட்டை பருமனில் எது வந்தாலும் கை தானாகப் போகும். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு மதில் எழுந்திருந்தது, அவர்கள் தொழிற்சாலைக் கல்தான். முதல் மழைக்குப் பிறகு அதில் ஒரு கல்லின் முகம் தெறித்து வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அவள் நின்று நகத்தால் சுரண்டினாள். மாவாக உதிர்ந்தது. இதுவாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள். பஸ் வந்து நின்று போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனாள்.

ஒரு வருஷம் தனியாக ஓட்டினாள். அதற்குள் முழங்கால் பெல்ட்டோரம் நிற்க மறுத்துவிட்டது. மகள் வந்து, "போதும்மா, என்னோட வந்துடு. ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள். அவள் முதலில் முரண்டு பிடித்தாள், பிறகு சரி என்றாள். கற்களை என்ன செய்வது என்ற பேச்சே வரவில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோவது என்று மகள் தானாகவே முடிவு கட்டியிருந்தாள். ஒரே தூசியாக இருக்கிறதே என்று பெரிய பேசினில் சுடுதண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்புப் போட்டு, ஒவ்வொன்றாக மகள் கழுவினாள். அம்மா துடைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினாள். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. மகள் சின்ன வயதில் இந்தக் கற்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பென்சில் என்று விற்கப் பார்த்த கதையைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே மகள் தட்டின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு, பெரிய தண்டைத் தூக்கித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டாள்.

"அம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. தானா விட்டுடுச்சு." மகளின் ஒரு கையில் கூர்முனையும் மறு கையில் குழிமுனையும் இருந்தன. நடுத்துண்டு பேசினின் அடியில் கிடந்தது. "பசைதான போட்டிருந்தாரு அப்பா? எப்படி விட்டுச்சு?"

தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ மெல்லிசாகப் படர்ந்து மிதந்தது. ஓரத்தில் ஆறி, சின்னச் சின்னச் செதிலாக உறைய ஆரம்பித்திருந்தது. அவள் விரலால் அதைத் தொட்டு எடுத்தாள். விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். மெழுகு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பூதக்கண்ணாடி கேட்காததும், கையைத் திருப்பிப் பார்த்ததும், கதவைச் சாத்தச் சொன்னதும், அறையில் பசை நாற்றமே இல்லாததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நகத்தால் வருடியபோதே அரம் பட்ட முகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருக்குமா, இருபது வருஷமாக உடைந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு? அவள்தான் முட்டாள்.

"திருட்டு மனுஷன்" என்றாள். "என்ன நடிப்பு நடிச்சிருக்காரு பாரு."

"யாரும்மா? என்னம்மா சொல்ற?"

அவள் சொன்னாள். களிமண் அச்சு, அரம், தொட்டியடி, கடைசி வண்டி என்ற பொய், எல்லாவற்றையும் முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னாள். மகள் ஈரக் கையோடு நின்று கேட்டாள். பிறகு மெதுவாக, "அப்போ அப்பாவுக்கு அது கெடைக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்ல."

அந்த ஒரு சொல்லைத்தான் அவள் ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்தாள். ஊருக்கெல்லாம் கிடைத்தது என்று சொன்னாள், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். கிடைக்கவில்லை. அவர் கிடைக்காமலே போனார், தெரிந்தே போனார். மூச்சுவிட முடியாத நாட்களில் வந்தவர் போனவருக்கெல்லாம் தட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது அவளுக்காக. ஏமாற்றிவிட்டோமே என்கிற பாரம் இறங்கியது. அது இறங்கிய இடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளும் அழுதாள்.

தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மகள் எழுந்து, மூன்று துண்டுகளையும் துடைத்து மணலில் வைத்தாள். கட்டிலோர இழுப்பறையைத் துழாவி அந்த இரண்டு டியூபையும் எடுத்துவந்தாள். மூடி இறுகியிருந்தது. "நல்லாத்தாம்மா இருக்கு. நானே ஒட்டித் தரேன். இனிமே விடாது."

"வேண்டாம்" என்றாள் அவள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இழுப்பறையில மெழுகுவத்தி ஒண்ணு பாதி எரிஞ்சு கெடக்கும். அத எடு."

"மறுபடியும் விட்டுடும்மா."

"விடட்டும். நெஜமானது வந்தா அதுக்கு எடம் வேணும் இல்ல."

மகள் மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுத்தாள். அவள் சொட்டுச் சொட்டாக விட்டு, தான் ராவிய துண்டை நடுவில் வைத்து, அது ஆறும் வரைக்கும் இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.